விருந்தினராய்க் கற்கும் பாடம்

அயல்நாடு சென்று பயிலும் நம் மாணவருள் பலர், வகுப்பறை, நூலகம், விடுதி என்னும் மூன்றனுள் தம்மை அடைத்துக்கொள்கின்றனர். வார இறுதியில் உள்ளூர்க் குடும்பமொன்று தம் காரில் உடன்வர அழைத்தால், படிப்புக் கெடுமென்று தயங்குகின்றனர். இத்தயக்கம் வேண்டாதது என்பேன்.

ஜெர்மனியின் பிரைபர்க் நகரை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள பல்கலைக்கழகம் 1457இல் தோன்றியது. அந்நகரிலிருந்து கருங்காட்டு மலைவழியே கிழக்கே சென்றால் டிடிசே ஏரி. அதனையும் கடந்தால் டோனாவெஷிங்கன். பத்து நாடுகளைத் தழுவி ஏறத்தாழ 2,850 கி.மீ. ஓடும் டான்யூப் ஆற்றின் ஊற்றெனப் போற்றப்படும் சுனை அவ்வூரில் உள்ளது. பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்ற பயணம் இது.

அதில் வாய்ப்பது காட்சியின்பம் மட்டுமன்று. நம் 'நீங்கள்', 'நீ' போன்றே ஜெர்மன் மொழியிலும் 'ஸீ', 'டூ' என இரு சொற்கள் உண்டு. இரண்டையும் இலக்கண நூல் கற்பிக்கும். ஆயினும், 'டூ' என்றழைக்கும் உரிமையை வயதில் மூத்தவரே முன்வந்து வழங்குவது அங்குள்ள மரபு. பட்டத்தைப் பல்கலைக்கழகம் தரும். இவ்வுரிமையை மனிதரே தர இயலும். ஒரே காரில், ஒரே உணவைப் பகிர்ந்து செல்லும் நாளில் அது எளிதில் கனியும்.

நம் ஊர்க் கல்லூரிகளை நாடிவரும் அயல்மாணவர்க்கு நம் வீட்டுக் கதவுகள் அவ்வாறு திறந்துள்ளனவா? மாணவரும் பெரியோரும் சிந்திப்பாராக.