மரங்களுக்கு நடுவே வெறுந்தரை எதற்கு?

பினாங்கின் பாலிக் புலாவ் மலைச்சரிவுகளில் டுரியான் மரங்கள் நெடுநெடுவென வளர்ந்து நிற்கின்றன. சில தோப்புகளில் அம்மரங்களுக்கு அடியில் ஒரு புல்கூட இருக்காது. களைக்கொல்லி தெளித்துத் தரையைத் துடைத்து வைத்திருப்பார்கள். பார்ப்பதற்குச் சுத்தம்தான். ஆனால், மண்ணுக்கு அது கேடு என்பதே என் கருத்து.

பினாங்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. வெறுந்தரையில் விழும் மழைத்துளி மேல்மண்ணைக் கலைத்து, நீரோடு இழுத்துச் செல்கிறது. மரத்திற்கு உணவளிப்பதே அந்தச் சில அங்குல மண்தான். 2017 நவம்பர் 4, 5ஆம் நாள்களில் கொட்டிய புயல்மழையால் இத்தீவில் வெள்ளமும் நிலச்சரிவும் ஏற்பட்டன. அதற்குத் தோப்புகளைக் குறைசொல்வது நியாயமன்று. ஆயினும், அத்தகைய மழையில் மூடப்படாத சரிவு என்னாகும்?

இதற்கான விடையை நம் தோட்டப்புறங்கள் ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன்பே கண்டன. தொடக்கத்தில், இரப்பர்த் தோட்டத்தில் ஒரு களைகூட முளைக்கக்கூடாது என்பது துரைமார் கட்டளை. நம் முன்னோர் வெயிலில் குனிந்து தரையைச் செதுக்கினர். மண் அரித்து ஓடிய பிறகுதான் துரைமார்க்கு உண்மை விளங்கியது. இளம் பால்மரங்களின் வரிசைகளுக்கிடையே புவேராரியா, சென்ட்ரோசிமா போன்ற அவரையினக் கொடிகளை வளர்க்கச் செய்தனர். இக்கொடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக மாற்றுகின்றன. உதிரும் இலைகள் மட்கி மண்ணைப் பொலபொலப்பாக்குகின்றன. ஈரம் தங்குகிறது, மண்புழு பெருகுகிறது. இன்று செம்பனைத் தோட்டங்களிலும் இம்முறை உண்டு.

குளிர்நாடுகளில் பக்வீட் எனும் தானியப் பயிரை இதற்குப் பயன்படுத்துகிறார்கள். அது விரைவில் தரையை மூடும்; அதன் பூக்கள் தேனீக்களை ஈர்க்கும். நம் வெப்பத்திற்கு அது ஒத்துவராது. நமக்கு அவரையினக் கொடிகளே ஏற்றவை. இளந்தோப்பில் அன்னாசியும் ஊடுபயிராகலாம். டுரியான் காய்க்கும்வரை கைச்செலவுக்கு உதவும். இஞ்சியைச் செங்குத்தான சரிவில் நடுவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். அறுவடையின்போது மண்ணைக் கிளற வேண்டியிருக்குமே!

தோப்புக்காரர்கள் சொல்லும் தடைகளையும் புறக்கணிக்க முடியாது. கொடி மரத்தில் ஏறும். புதரில் பாம்பு ஒளியும். விழுந்த பழம் கண்ணுக்குத் தெரியாது. வெட்டிவிட ஆளும் கிடைப்பதில்லை. இவற்றுள் கடைசியானதே பெரிய சிக்கல். மற்றவற்றுக்கு வழி உண்டு. மரத்தைச் சுற்றி வட்டமாக இடம்விட்டு நடலாம். பழம் விழும் பருவத்திற்கு முன் கொடியை வெட்டி அங்கேயே பரப்பலாம். மரங்கள் வளர்ந்து நிழல் கூடியதும் கொடிகள் தாமாகவே குறைந்துவிடும்.

பாராகுவாட் எனும் களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை. அதற்குப் பதிலாக வேறொரு களைக்கொல்லியை வாங்கித் தெளிப்பதால் மண்ணுக்கு என்ன பயன்? அந்தப் பணத்தில் மூடுபயிர் விதை வாங்கலாம். சிறு தோப்புக்காரர்களுக்கு அவ்விதையை மலிவு விலையில் கிடைக்கச் செய்வது வேளாண் துறையின் வேலை.