ரீல் வாங்கப் போகும் அன்பர்களுக்கு

விடுமுறை வந்தால் நம் சங்கத்து இளைஞர்கள் சிலர் தூண்டிலோடு மலம்புழை, மூணாறு என்று கிளம்பிவிடுகிறார்கள். நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் அவர்கள் கையில் இருக்கும் ரீலைப் பார்த்தால் எனக்கு வருத்தம். வளைகுடாவிலிருந்து அண்ணன் அனுப்பியது. பெட்டியில் "10 பால் பேரிங்" என்று கொட்டை எழுத்து. கடலில் சூரை பிடிக்கும் கனம். அதை வைத்துக்கொண்டு ஜிலேபிக் கெண்டைக்குக் காத்திருப்பார்கள்!

இந்த ரீல் நம் கோவைக்காரர்களுக்குப் புதிதல்ல. 1905இல் இதற்குக் காப்புரிமை வாங்கிய ஆல்பிரட் இல்லிங்வொர்த், இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரத்துக் கம்பளி ஆலை முதலாளி. கண்டு சுற்றாமல் நிற்க, நூல் அதன் தலைப்புறமாக உருவி வருகிறதல்லவா, அதே வேலைதான் இங்கும். அதனால்தான் லேசான இரையையும் தூர எறிய முடிகிறது.

பேரிங் எண்ணிக்கையை மறந்துவிடுங்கள். நல்ல பேரிங் நாலைந்து இருந்தால் போதும் என்பது என் கருத்து. பார்க்க வேண்டியது பல் விகிதம். 5:1 என்றால் கைப்பிடி ஒரு சுற்றுக்கு நரம்பு ஐந்து சுற்று ஏறும். 6:1 வேகமாக இழுக்கும், பலம் குறையும். கூட்ஸ் இன்ஜினுக்கும் பாசஞ்சர் இன்ஜினுக்கும் ரயில்வேயில் வேறு வேறு பல் விகிதம் வைப்பது சும்மாவா? பாசிக்குள் பாயும் விராலுக்குக் குறைந்த விகிதம் நல்லது. மின்னும் தகட்டு இரையை வேகமாக இழுத்து மீனை ஏமாற்றுபவர்களுக்கு உயர்ந்த விகிதம். அளவு, குளத்துக்கும் ஓடைக்கும் 1000 அல்லது 2000. அணைக்கட்டுக் கட்லாவுக்கு 4000. நாள் முழுதும் எறிகிற கைக்கு 50 கிராம் வித்தியாசமும் சாயங்காலம் தெரியும்.

எல்லாவற்றிலும் முக்கியம் டிராக், அதாவது பிரேக். ஸ்பூலின் முன்பக்கம் இருப்பதையே வாங்குங்கள். அதில் வாஷர் அகலம், ஆகவே வழுக்கல் சீராக இருக்கும். நரம்பு 4 கிலோ தாங்கும் என்றால், 1 கிலோ இழுவையிலோ சற்று மேலோ வழுக்கும்படி ஸ்பிரிங் தராசு மாட்டிச் சரிசெய்யுங்கள். "இறுக்கி வைத்தால் மீன் தப்பாது" என்பவர்களிடம் நரம்பு அறும். மீன் வாயில் முள்ளோடும் இரண்டு கஜம் நைலானோடும் போய்ச் சாகும். கிழித்துக்கொண்டு ஓடுகிற குயில் மீனிடம் இது நிச்சயம் நடக்கும்.

மறையூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாம்பாற்றில் கிடைத்த குயில் இனம் ஒன்றுக்கு 2007இல் டோர் ரெமாதேவி என்று பெயரிட்டார்கள். காவிரியின் திமில் மஹசீரும் அதுவேதான் என்று 2018இல் நிலைநாட்டினார்கள். அழிவின் விளிம்பில் இருக்கிறது. சின்னார் சரணாலயத்துக்குள் எந்த ரீலும் வேண்டாம். அணைகளிலும் அனுமதி கேட்டுவிட்டே உட்காருங்கள்.

வீடு திரும்பியதும் டிராக் திருகைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியே வைத்தால் ஃபெல்ட் வாஷர் அமுங்கி, அடுத்த தடவை நரம்பு விட்டுவிட்டு வரும்.