சேவை என்கிற பெயரில்

நர்ஸ் வேலையைச் ‘சேவை’ என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. டாக்டருக்கு அது தொழில், ஆஸ்பத்திரி முதலாளிக்கு வியாபாரம். இருபத்திரண்டு வயசுப் பொண்ணுக்கு மட்டும் சேவையா? ரத்தம், சீழ், மலம், பிரசவத் தீட்டு. இதையெல்லாம் தொடுகிற வேலையை ஊர் யார் தலையில் கட்டியிருந்தது என்று நமக்குத் தெரியும். மருத்துவச்சியைக் கொல்லைப்பக்கமாக உள்ளே விட்டு, பிள்ளையை வாங்கிக்கொண்டு, அவள் நின்ற இடத்தைக் கழுவிவிட்ட ஊர். இன்றைக்கு அந்தக் கையில் கிளவுஸும் பட்டமும் இருக்கின்றன. கூலி கொடுக்கிறவன் மனசு மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

என் அத்தை மகள் பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். சம்பளம் 8,000. சேர்ந்த அன்றே ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கி பீரோவில் பூட்டிக்கொண்டார்கள். இரண்டு வருஷத்துக்குள் போனால் ஐம்பதாயிரம் கட்டணும் என்று பத்திரத்தில் கையெழுத்து. சாதிச் சான்றிதழையும் கேட்டார்கள். தனியார் ஆஸ்பத்திரிக்கு அது எதுக்கு? கேட்டதற்குப் பதில் இல்லை. அடுத்த வாரத்திலிருந்து பெட்பான் எடுக்கிற முறை அவளுக்கே திரும்பத் திரும்ப வந்தது. விட்டுவிட்டு வரலாம்தான். வந்தால் அனுபவச் சான்றிதழ் கிடைக்காது. அது இல்லாமல் வேறு பெரிய ஆஸ்பத்திரியோ வளைகுடாவோ வாசலில் நிற்க விடாது.

கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் என்பதால் இன்னொரு கணக்கும் எனக்குத் தெரியும். கல்விக்கடன் மூன்று லட்சம், வட்டி 11 சதவீதம், ஏழு வருஷத் தவணை என்று வையுங்கள். மாசம் 5,100க்கு மேல் வரும். படிப்பு முடிந்து ஒரு வருஷத்தில் கட்ட ஆரம்பிக்கணும். எட்டாயிரத்தில் மிச்சம் மூவாயிரம்கூட இல்லை. தவணை தவறினால் வாராக்கடன் என்று எழுதுகிற பேனா என் மாதிரி ஆள் கையில்தான் இருக்கிறது. வாராமல் போனது அவளுடைய கூலி என்று எழுத எந்த லெட்ஜரிலும் பத்தி கிடையாது.

உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னதை ஒட்டி மத்திய அரசு போட்ட குழு, 50 படுக்கைக்குக் குறைந்த ஆஸ்பத்திரியிலும் 20,000 கொடு, 200 படுக்கைக்கு மேலே அரசுச் சம்பளத்துக்குச் சமமாகக் கொடு என்றது. கேரளத்து நர்சுகள் தெருவில் இறங்கி 2018இல் 20,000 ரூபாயை அறிவிக்க வைத்தார்கள். நம் ஊர் நர்சிங் ஹோம்களில் அந்தத் தாளைக் கண்ணால் பார்த்தவர் யார்?

அரசு மட்டும் யோக்கியமா? 2015இல் தேர்வு வைத்து எடுத்த நர்சுகளுக்கு 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற பேச்சு. 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார வேண்டியிருந்தது. கொரோனா வார்டுக்கு எடுத்தவர்களில் ஆயிரக்கணக்கானோரை 2022 டிசம்பர் 31ஓடு போகச் சொன்னார்கள். அதற்கு முன்னால் கைதட்டினோம், விளக்கேற்றினோம்.

புதிதாக வேலைக்குப் போகிற தங்கச்சிகளே, ஜெராக்ஸ் கொடுங்கள், ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். சம்பளத்தைக் கையில் வாங்காமல் வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். நாளைக்கு அதுதான் சாட்சி. தனியாகக் கேட்டால் வேலை போகும் என்பதும் உண்மை. அதனால்தான் தோழர்களிடம் கேட்கிறேன். நிலத்துக்கும் விடுதிக்கும் போராடுகிற நம் அமைப்புகளில், நம் பெண்கள் எந்தெந்த ஆஸ்பத்திரியில் எந்தச் சம்பளத்துக்கு இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியலாவது இருக்கிறதா? கூட்டத்தைச் சாயங்காலம் ஆறு மணிக்கே வைக்கிறோம். ராத்திரி எட்டு மணிக்கு டியூட்டி ஏறுகிறவள் அதற்கு எப்படி வருவாள்?