ஒரு பூஞ்சைக்கு எத்தனை பேர்தான்யா?

பி.காம். படிக்கிறவனுக்குப் பூஞ்சையோட என்ன சங்காத்தம்னு கேக்காதீங்க மக்களே. பேர்க் குழப்பம் எங்கே இருந்தாலும் கணக்குப் படிக்கிறவனுக்கு மூக்கு வேர்க்கும் :-)

விஷயம் வேர் உட்பூசணம். நம்ம ஊர் விவசாயிகள் 'வேம்'னு சொல்றது. வேருக்குள்ளே குடியிருந்து, மண்ணிலிருந்து மணிச்சத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, கூலியாகச் சர்க்கரையும் கொழுப்பும் வாங்கிக்கொள்ளும். சுத்தமான பண்டமாற்று.

இந்தக் கூட்டத்தைப் பேர் வைத்துப் பிரிப்பது லேசில்லை. ரொம்ப காலம் வித்துகளை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, நிறம், அளவு, சுவரில் எத்தனை அடுக்கு என்று பார்த்துத்தான் சிற்றினம் பிரித்தார்கள். அப்புறம் டி.என்.ஏ. வந்தது. அதிலும் ஒரு சிக்கல்: ஒரே வித்துக்குள் நூற்றுக்கணக்கில் உட்கருக்கள். ஒரே வித்திலிருந்து ஒரே மரபணுப் பகுதியை எடுத்தாலும், கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசமான பிரதிகள் வரும். கோடு எங்கே போடுவது?

இப்போ கதைக்கு வருவோம். கனடாவில் எடுத்து வளர்த்த ஒரு பூஞ்சை. சேகரிப்பு எண் டிஏஓஎம் 197198. உலகம் முழுக்க ஆய்வகங்களில் இதுதான் செல்லப்பிள்ளை. இதைக் 'குளோமஸ் இன்ட்ராரேடிசெஸ்' என்ற பேரில் எத்தனையோ கட்டுரைகள் வந்தன. 2009-ல் ஒரு ஆய்வுக் குழு வந்து, 'ஐயா, இது அதுவே இல்லை' என்று காட்டியது. 1982-ல் அந்தப் பேர் வைக்கப்பட்டது ஃபுளோரிடாப் பூஞ்சைக்கு. இது 2008-ல் விவரிக்கப்பட்ட 'குளோமஸ் இர்ரெகுலரே'. சரி, மாத்தியாச்சு. 2010-ல் பேரினமும் மாறி 'ரைசோஃபாகஸ் இர்ரெகுலாரிஸ்' ஆனது. 2014-ல் இன்னொரு குழு, ரைசோஃபாகஸ் என்ற பேர் முதலில் வைக்கப்பட்ட பூஞ்சை வேர் உட்பூசணமே இல்லை என்று வாதாடி, 'ரைசோகுளோமஸ்' என்று வைத்தது. இன்றைக்கும் ரெண்டு பேரும் புழக்கத்தில் இருக்கின்றன.

(ரைசோஃபாகஸ் என்றால் 'வேர்தின்னி'. வேருக்குச் சோறு போடுகிறவனுக்கு இந்தப் பட்டம்! போதாக்குறைக்கு ஒரு வண்டுப் பேரினத்துக்கும் இதே பேர். விலங்குகளுக்குப் பெயர்விதி தனி என்பதால் கேஸ் நிற்காது.)

பாட்டனி படிக்கும் தோழி, "அறிவு வளர்ந்தா பேர் மாறத்தான்டா செய்யும்" என்கிறாள். மாறட்டும், யார் வேண்டாம்னா? 2009-ல் மாற்றியது நியாயம். தப்பான ஆளின் கணக்கில் வரவு வைத்துக்கொண்டே போக முடியாது. என் சண்டை, ஒரே சரக்குக்கு ரெண்டு பேரை ஓடவிட்டு அவரவர் இஷ்டத்துக்கு எழுதுவதோடுதான். ஒருத்தர் ஒரு பேரில் தேடினால் இன்னொரு பேரில் வந்த முடிவு கண்ணில் படாமல் போகலாம். பழைய கட்டுரையில் 'இன்ட்ராரேடிசெஸ்' என்று மட்டும் இருந்தால், ஃபுளோரிடாவா கனடாவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கம்பெனிகள் கணக்கு முறையை மாற்றினால், என்ன மாற்றினோம், எதனால் என்று குறிப்பில் சொல்லியாக வேண்டும். பேங்கில் கல்யாணத்துக்குப் பிறகு பேரை மாற்றிக்கொண்டாலும் அக்கவுண்ட் நம்பர் மாறாது. இங்கேயும் அந்த நம்பர் ஏற்கெனவே இருக்கிறதே! எந்தப் பேரை எழுதினாலும் பக்கத்தில் சேகரிப்பு எண்ணையும், பழைய பேரையும் போடச் சொல்லி ஆய்விதழ்கள் கறாராக நிற்கலாம். உரப் பாக்கெட்டிலும் அப்படியே. விவசாயிக்கு லத்தீன் வேண்டாம், போன தடவை பலன் கொடுத்த அதே சரக்கு இந்தத் தடவையும் வருகிறதா என்று தெரிந்தால் போதும். அதற்கு ஒரு வரி மை செலவு.