கிலிமும் இடைச்செருகலும்

அனத்தோலியக் கிலிம்களைப் பற்றிப் பேசப் புகுவோர் பலரும் முதலில் கையில் எடுப்பது ஓர் அகராதியை. இடுப்பில் கைவைத்த உருவமா, அது தாய்த்தெய்வம். ஆட்டுக்கொம்பா, அது ஆண்மை. கொக்கியா, அது கண்ணேறு கழிப்பது. விரிப்பை விரிக்கும் முன்பே பொருள் தயாராகிவிடுகிறது. விற்பவர் இதைச் சொல்லி விற்கிறார். வாங்கியவர் தம் வீட்டுக்கு வருவோரிடம் இதையே திருப்பிச் சொல்கிறார். வழவழப்பான தாளில் அச்சாகும் பெருநூல்களும் இதையே வேறு நடையில் சொல்கின்றன. இந்த அகராதிக்கு எதிராகவே நாம் இங்கு எழுதுகிறோம். நெய்த பெண்ணை ஊமையாக்கிவிட்டு அவள் பெயரால் பிறர் பேசுவதற்கே இது பயன்பட்டு வருகிறது என்பது நம் குற்றச்சாட்டு.

கிலிம் என்பது யாது? முடிச்சும் மயிர்ப்பரப்பும் இல்லாத தட்டை நெசவு விரிப்பு. நம் பவானி ஜமுக்காளத்தை அறிந்தவர்க்கு அதன் இனம் புரியும். துருக்கியின் நாடோடிப் பெண்களும் கிராமத்துப் பெண்களும் அதைக் கம்பளி நூலால் நெய்தனர். தரைவிரிப்பாகவும், மூட்டை முடிச்சுகளுக்கு மேற்போர்வையாகவும், பள்ளிவாசலுக்குக் காணிக்கையாகவும் அது பயன்பட்டது. அதே கைகள் தானியத்துக்கான பைகளையும் நெய்தன.

அதன் நெசவில் ஒரு நுட்பம் உண்டு. அதை அறியாமல் கிலிமைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லலாகாது. சாதாரணத் துணியில் ஊடைநூல் ஒரு கரையிலிருந்து மறுகரைவரை ஓடும். கிலிமில் அப்படியில்லை. ஒவ்வொரு நிற ஊடையும் தன் எல்லைவரை சென்று, அங்கேயே திரும்பிவிடும். இரு நிறங்கள் செங்குத்தான கோட்டில் சந்தித்தால், இரண்டும் தத்தம் பாவுநூலைச் சுற்றித் திரும்புவதால் அவ்விடத்தில் ஒரு பிளவு விழும். பிளவு நீண்டால் துணி நலியும். ஆகவே நெய்பவள் எல்லையைச் சாய்க்கிறாள், படிப்படியாக நகர்த்துகிறாள், பல் பல்லாக வெட்டுகிறாள். சாய்சதுரமும், முக்கோணமும், கொக்கியும், படிக்கட்டு விளிம்பும் அங்கு அத்தனை மிகுதியாகத் தோன்றுவதற்கு முதற்காரணம் இதுவே. வெண்பா எழுதுபவனுக்குத் தளை எப்படியோ, கிலிம் நெய்பவளுக்கு இப்பிளவு அப்படி. அந்த வரம்புக்குள் நின்று அவள் என்ன செய்தாள் என்பதில்தான் கலை இருக்கிறது.

இனி, அகராதி எப்படி வந்தது என்று பார்ப்போம். 1961 முதல் 1965 வரை சத்தால்ஹூயுக் என்னும் புதிய கற்கால ஊரை அகழ்ந்தவர் ஜேம்ஸ் மெல்லார்ட். ஏறத்தாழ ஒன்பதாயிரம் ஆண்டுப் பழமையுடைய அவ்வூரின் சுவர்களில் ஓவியங்கள் கிடைத்தன. அவற்றுள் வடிவியல் கோலங்களும் உண்டு. அதில் ஐயமில்லை. ஆனால் 1989இல் 'அனத்தோலியாவின் பெண்தெய்வம்' என்னும் பொருள்படும் தலைப்பில், உடோ ஹிர்ஷ், பெல்கிஸ் பல்பினார் ஆகியோருடன் சேர்ந்து அவர் நான்கு தொகுதிகளை வெளியிட்டார். அகழாய்வு அறிக்கைகளில் முன்பு இடம்பெறாத பல சுவரோவியங்களின் வரைபடங்களை அவற்றில் சேர்த்தார். அவ்வோவியங்களில் இருந்தவை அப்படியே கிலிம் கோலங்கள், நடுவே தாய்த்தெய்வங்கள். ஆகவே இன்றைய கிராமத்துப் பெண் நெய்வது புதிய கற்காலத் தெய்வத்தின் உருவத்தையே என்று முடிவு கட்டப்பட்டது.

மூல ஓவியங்கள் எங்கே? அகழும்போதே உதிர்ந்தன என்றார். புகைப்படங்கள்? தீவிபத்தில் அழிந்தன என்றார். இலக்கியம் பயின்ற நமக்கு இது பழகிய கதை. கறையானோ வெள்ளமோ தின்றுவிட்ட ஓர் ஏட்டிலிருந்து தாம் மட்டும் படியெடுத்துக்கொண்டதாக ஒருவர் சொன்னால், அப்பாடத்தை ஏற்றுப் பதிப்பிக்கும் ஆசிரியர் உண்டா? வேறு ஏட்டில் உண்டா, உரைகாரர் எவராவது எடுத்தாண்டுள்ளாரா என்று கேட்போம். இல்லையெனில் இடைச்செருகல் என்று ஒதுக்குவோம். கம்பள உலகில் பலர் இக்கேள்வியைக் கேட்கவில்லை. கதை அத்தனை இனிப்பாக இருந்தது.

கேட்டவர்களும் இருந்தனர். அவர்களுள் ஒருவர் மார்லா மாலட். அமெரிக்கரான அவர் தாமே நெசவாளர். 1990இல் அவர் எழுதிய மறுப்பு நெசவாளரின் நோக்கிலிருந்து எழுந்தது. அவ்வழியே சிந்தித்தால் நமக்கும் ஒரு கேள்வி தோன்றும். சுவரில் தூரிகையால் தீட்டுபவனுக்குப் பிளவு பற்றிய அச்சம் ஏது? அவன் வளைகோட்டை வளைகோடாகவே தீட்டலாமே. தறியின் கட்டாயத்தால் பிறந்த வடிவம் சுவரில் முதலில் தோன்றிப் பின் தறிக்கு வந்தது என்பது எப்படி? சுவரோவியமே அக்காலக் கிலிமைப் பார்த்துத் தீட்டியது என்பாருமுண்டு. எனில் அத்தகைய கிலிம் அங்கே நெய்யப்பட்டதற்குச் சான்று வேண்டும். சத்தால்ஹூயுக்கில் கிடைத்த துணித்துணுக்குகளை ஆராய்ந்து 2021இல் வெளியான முடிவோ, அவை கருவாலி மரத்தின் உள்பட்டை நாரால் ஆனவை என்கிறது. கம்பளிக் கிலிமுக்கும் அதற்கும் வெகுதூரம்.

மெல்லார்ட் 2012இல் மறைந்தார். அவருடைய இலண்டன் இல்லத்தில் எஞ்சியிருந்த தாள்களைப் பார்வையிட்ட எபர்ஹார்ட் சாங்கர், அச்சுவரோவியங்களுக்கான முன்வரைவுகளை அங்கே கண்டதாக 2018இல் அறிவித்தார். கிடைத்ததாகச் சொன்னவற்றை மெல்லார்ட் தாமே வரைந்து பழகியிருந்தார் என்பதே அதன் பொருள். ஆயினும் அகராதி இன்னும் உயிரோடிருக்கிறது. நூல் பொய்த்தாலும் அதிலிருந்து கிளம்பிய விற்பனைப் பேச்சு பொய்க்கவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். "இப்பெயர்களை நாங்கள் கற்பிக்கவில்லை. நெய்யும் பெண்களே 'எலிபெலிந்தே', இடுப்பில் கை, என்கிறார்கள். 'கோச் பொய்னுசு', ஆட்டுக்கொம்பு, என்கிறார்கள். இது போதாதா?" போதாது. பெயர் வேறு, பொருள் வேறு. நம் யாப்பிலக்கணத்தில் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று சீர்களுக்கு வாய்பாடு உண்டு. தேமாச்சீர் வந்த அடியில் மாமரம் இருக்கிறதா? தமிழ்ப் புலவர்கள் அனைவரும் விளாவையும் வில்வத்தையும் வழிபட்டு, அவ்வழிபாட்டை அறியாமலே செய்யுளில் பொதிந்து வைத்தனர் என்று எவராவது எழுதினால் நாம் சிரிப்போம். நினைவில் வைக்கவும், மகளுக்குக் கற்பிக்கவும், அடுத்த வீட்டுக்காரியிடம் கேட்டு வாங்கவும் ஒரு வடிவத்துக்குப் பெயர் வேண்டும். கிலிமின் பெயர்களுள் பெரும்பாலானவை அத்தகைய வாய்பாடுகளே என்று நாம் கருதுகிறோம். அதனாலேயே ஒரே வடிவம் ஊருக்கு ஊர் வேறு பெயர் பெறுகிறது.

நம்பிக்கையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. கண்ணேறு பற்றிய அச்சம் துருக்கிய நாட்டுப்புறத்தில் உயிருள்ள ஒன்று. ஒரு பெண் 'இதைக் கண்ணேறுக்காக நெய்தேன்' என்று சொன்னால் அது சான்று, தலைவணங்கி ஏற்போம். அவள் சொல்லாததை, 'அவளுக்குத் தெரியாது, அவள் கைக்குத் தெரியும்' என்று சொல்லி அவள்மீது ஏற்றுவதையே மறுக்கிறோம். இப்பேச்சு அவளை உயர்த்துவதுபோல் தோன்றும். உண்மையில் அது அவளுடைய அறிவைப் பறிக்கிறது. எந்த நிறத்தருகே எந்த நிறம், எங்கே கோலத்தை முறிப்பது, நூல் தீர்ந்தால் எப்படிச் சமாளிப்பது என்று ஆயிரம் முடிவுகளை எடுத்த ஒருத்தியை, தொன்மையான நினைவொன்றின் வெறுங்குழாயாக ஆக்கிவிடுகிறது.

வணிகர் இட்ட பெயர்களை நம்புவோருக்கும் இவ்விடத்தில் ஒன்று சொல்லவேண்டும். முடிச்சுக் கம்பளங்களில் அசமச்சீர் முடிச்சைச் 'சென்னா முடிச்சு' என்று அழைப்பது வழக்கம். சென்னா என்பது ஈரானில் இன்று சனந்தஜ் எனப்படும் குர்து நகரம். அந்நகரத்து நெசவாளர் இடுவதோ சமச்சீர் முடிச்சு! துருக்மேனியர் நெய்த கம்பளங்கள், புகாராச் சந்தையில் விலைபோன காரணத்தால், 'பொக்காரா' என்று பெயர் பெற்றன. பெயரைப் படித்துக் கம்பளத்தை அறிய முயல்வோர் இப்படித்தான் வழிதவறுகின்றனர்.

பின் எதைப் படிப்பது? பொருளையே படிக்கவேண்டும். பழைய பெரிய கிலிம்கள் பல, குறுகிய தறியில் இரு பாதிகளாக நெய்து நடுவே தைக்கப்பட்டவை. இரு பாதியும் இம்மியும் பிசகாமல் பொருந்துவதில்லை. அந்தப் பிசகு தறியின் அகலத்தைச் சொல்லும். முதற்பாதியைச் சுருட்டி வைத்துவிட்டு இரண்டாவதை நினைவிலிருந்து நெய்தவளின் மனத்தையும் சொல்லும். சிவப்பு மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்தும் நீலம் அவுரிச் சாயத்திலிருந்தும் வந்தவை. ஒரே சிவப்பில் பட்டை பட்டையாகத் தெரியும் ஏற்றத்தாழ்வு, நூல் வெவ்வேறு முறை சாயம் தோய்க்கப்பட்டதைக் காட்டும். வெயில் படாத மடிப்பில் பளிச்சென்ற ஊதாவும் மேற்பரப்பில் சாம்பல் நிறமும் இருந்தால், அது தொடக்ககாலச் செயற்கைச் சாயமாக இருக்கலாம். அவ்வாறெனில், பெர்கின் 1856இல் முதற் செயற்கைச் சாயத்தைக் கண்டறிந்ததற்கு முன் அக்கிலிம் நெய்யப்பட்டிருக்க முடியாது; விற்பவர் எத்தனை நூற்றாண்டு சொன்னாலும் சரி.

இவ்வழிப் படிப்பால் விளைந்த நன்மைக்கு எடுத்துக்காட்டும் உண்டு. ஜெர்மானியரான ஹரால்ட் போமர் வேதியியல் ஆசிரியர். பழைய கம்பளங்களின் சாயங்களைப் பகுத்தாய்ந்து, அவற்றைத் தந்த செடிகளை இனங்கண்டார். 1981இல் தொடங்கிய 'டோபாக்' திட்டத்தின் வழி, மறக்கப்பட்டுவந்த அச்சாய முறைகள் மேற்குத் துருக்கியின் ஆய்வஜிக், யுந்ததாக் பகுதிக் கிராமங்களுக்குத் திரும்பின. நெசவாளர் கூட்டுறவு அமைப்புகள் எழுந்தன. பெண்தெய்வக் கதை எந்தக் கிராமத்துக்கு இப்படி ஒன்றைத் திருப்பித் தந்தது?

நூல் நூற்பதையும் நூல் இயற்றுவதையும் ஒப்பிட்டுக் காட்டியது நம் நன்னூல். அந்த ஒப்புமையை நாம் முழுமையாக ஏற்றால், செய்யுளுக்குக் காட்டும் நேர்மையைத் துணிக்கும் காட்டக் கடமைப்பட்டவர்கள். மூலத்தைப் பார்க்காமல் உரை சொல்வதில்லை என்ற ஒழுக்கம் ஏட்டோடு நின்றுவிடக் கூடாது. இனி எவரேனும் ஒரு கிலிமைக் காட்டி 'இது தாய்த்தெய்வம்' என்றால், எந்த ஊரில், எந்த ஆண்டில், யார் சொன்னார் என்று கேளுங்கள். விடை வரும்வரை விரிப்பைப் புரட்டி, தையலையும் சாயத்தையும் பாருங்கள்.