ஃப்ளோட் யாருடையது என்று கேட்பதற்கு முன்

தெஹிவளையிலும் வெள்ளவத்தையிலும் காலி வீதிக்கும் கடற்கரை ரயில் பாதைக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய ஒழுங்கைகளில் தொடர்மாடிகள் எழுந்துகொண்டே இருக்கின்றன. அவற்றின் முன்னேற்றக் கூட்டங்களில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது ‘டோட்டல் ஃப்ளோட்’ நிரல். மிகக் குறைவாகக் கேள்விக்கு உள்ளாவதும் அதுதான். “இதற்கு இன்னும் 20 நாள் ஃப்ளோட் இருக்கிறது” என்று ஒருவர் சொன்னதும் பேச்சு அடுத்த விடயத்துக்குப் போய்விடுகிறது. அந்த 20 எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் அரிது.

அந்த எண்ணை யாரும் தட்டச்சு செய்யவில்லை. வேலைகளின் கால அளவு, அவற்றுக்கிடையேயான தொடர்புகள், நாட்காட்டி, திணித்த திகதிகள் ஆகியவற்றை நாம் கொடுக்கிறோம். திட்டமிடல் மென்பொருள் முன்னோக்கி ஒருமுறை கணக்கிட்டு ஒவ்வொரு வேலையும் எவ்வளவு முந்தித் தொடங்கி முடியலாம் என்று காண்கிறது, பின்னோக்கி மறுமுறை கணக்கிட்டு எவ்வளவு பிந்தலாம் என்று காண்கிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளியே ஃப்ளோட். 1957இல் டூபொன்ட் நிறுவனத்தின் மோர்கன் வோக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் உருவாக்கிய முறை இன்றும் பிரைமவேராவுக்குள்ளும் மைக்ரோசொஃப்ட் புரொஜெக்டுக்குள்ளும் ஓடுகிறது. பத்து வேலைகள் கொண்ட ஒரு வலையைத் தாளில் வரைந்து கையால் இரு திசையிலும் கணக்கிட்டுப் பார்க்காத இளம் பொறியியலாளருக்கு மென்பொருள் உரிமம் கொடுப்பதற்கு அவசரம் வேண்டாம் என்பதே எமது கருத்து.

முதலில் ஒரு அடிப்படை. டோட்டல் ஃப்ளோட் ஒரு வேலைக்குச் சொந்தமானதல்ல, அந்த வேலை இருக்கும் பாதை முழுவதற்கும் பொதுவானது. லிஃப்டை எடுத்துக்கொள்வோம். வரைபட அங்கீகாரம், வங்கியில் நாணயக் கடிதம் திறத்தல், தயாரிப்பு, கப்பல், கொழும்புத் துறைமுகத்தில் சுங்கம், பிறகு பொருத்துதல். இந்த ஆறு வரிகளுக்கும் நேரே 40 என்று ஒரே எண் தெரியும். ஆறு பேர் அதை ஆறு தடவை வாசித்து, ஒவ்வொருவரும் தமக்கு 40 நாள் இருப்பதாக எண்ணிக்கொள்கிறார்கள். இருப்பதோ மொத்தமாக 40. நாணயக் கடிதத்துக்கே 35 போனால் துறைமுகத்தில் நிற்பவருக்கு 5 தான் மிச்சம். ‘ஃப்ரீ ஃப்ளோட்’ நிரலையும் பக்கத்தில் வைத்தால் இந்த மயக்கம் தெளியும்: இத்தகைய சங்கிலியில் முன் வேலைகளுக்கு அது பூச்சியமாகவும் கடைசி வேலைக்கு மட்டும் ஓர் எண்ணாகவும் நிற்கும். அடுத்தவரின் தொடக்கத்தைத் தொடாமல் தாமதிக்க யாருக்கு உண்மையில் இடமுண்டு என்பதை அந்த நிரல்தான் காட்டுகிறது. அச்சிட்டுக் கொடுக்கும் அறிக்கைகள் பலவற்றில் அது இருப்பதேயில்லை.

இனி நாட்காட்டி. இலங்கைப் புரோகிராம்கள் அதிகம் பிழைப்பது இங்கேதான். மென்பொருளோடு வரும் நாட்காட்டிக்குப் போயா தெரியாது, சித்திரைப் புத்தாண்டு தெரியாது. 2025 ஏப்ரலைப் பாருங்கள். 12ஆம் திகதி சனிக்கிழமை பக் போயா, 13உம் 14உம் புத்தாண்டு, 18 பெரிய வெள்ளி. ஏப்ரல் 9, புதன்கிழமை, ஒன்பது நாள் ஷட்டரிங் வேலை ஒன்று தொடங்குகிறது என்று வையுங்கள். விடுமுறை எதுவும் பதியாத ஆறு நாள் வார நாட்காட்டியில் அது 18ஆம் திகதி முடியும். மேற்சொன்ன விடுமுறைகளைப் பதிந்தால் 22. ஆனால் 11ஆம் திகதி பின்னேரம் ஊருக்குப் பஸ் ஏறும் மேசன்மாரும் கம்பி கட்டுவோரும் 21ஆம் திகதி திங்கட்கிழமைக்கு முன் திரும்புவதில்லை என்பது சைட்டில் நிற்கும் எவருக்கும் தெரியும். அதையும் பதிந்தால் 26. வேலை ஒன்றே, கால அளவும் ஒன்பதே நாள். முடிவுத் திகதி மூன்று. இந்த எட்டு நாள் வித்தியாசம் பின்னால் வரும் ஒவ்வொரு வேலையின் ஃப்ளோட்டுக்குள்ளும் இறங்கியிருக்கும்.

மழையும் அப்படித்தான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவம், ஒக்டோபரிலும் நவம்பரிலும் இடைப்பருவ மழை. கடலுக்கும் கால்வாய்க்கும் அருகே நிலத்தடி நீர் மேலாக நிற்கும் தெஹிவளை, வெள்ளவத்தைப் பகுதியில் அத்திவாரக் கிடங்கு வெட்டுவதற்கும், ஏழாம் மாடிக்குள் சுவர் பூசுவதற்கும் ஒரே நாட்காட்டியைக் கொடுப்பது சரியல்ல. வெளிவேலைகளுக்கென்று தனி நாட்காட்டி வைத்து, வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழைப் பதிவுகளைக் கொண்டு மாதத்துக்கு இத்தனை நாள் வேலை நடக்காது என்று அதில் குறிக்க வேண்டும். மழை விடயத்தில் ஃபிடிக் மாதிரி ஒப்பந்தத்தின் 1999 நிபந்தனைகள் காலநீடிப்புக்கு ஏற்பது விதிவிலக்காகக் கடுமையான காலநிலையை மட்டுமே. வழமையான மழையைத் தாங்குவது ஒப்பந்தகாரரின் பொறுப்பு. அதை நாட்காட்டியில் காட்டாதவர், எது வழமை, எது விதிவிலக்கு என்று பிறகு பிரித்துக் காட்ட எதைக் கையில் வைத்திருப்பார்?

பல நாட்காட்டிகள் வைத்ததும் இன்னொரு சிக்கல் வரும், அதற்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். ஃப்ளோட் அந்தந்த வேலையின் நாட்காட்டியில்தான் எண்ணப்படுகிறது. கொங்கிறீட் பதப்படுதல் ஏழு நாள் நாட்காட்டியில் ஓடும். போயாவும் ஞாயிறும் அதற்கில்லை. அது சனிக்கிழமை மாலை முடிந்து, ஷட்டர் கழற்றுவது திங்கட்கிழமை தொடங்கினால், திட்டத்தின் முடிவையே நிர்ணயிக்கும் பாதையில் இருந்தும் பதப்படுதலுக்கு நேரே ஃப்ளோட் 1 என்று தெரியும். ‘பூச்சியமோ அதற்குக் குறைவோ’ என்று வடிகட்டி எடுத்த கிரிட்டிக்கல் பட்டியலில் இருந்து அது காணாமற்போகும். பிரைமவேராவில் ‘லோங்கஸ்ட் பாத்’ என்ற தெரிவு இருப்பது இதற்காகவே. மணித்தியாலக் கணக்கையும் கவனியுங்கள். பிரைமவேரா கால அளவை மணித்தியாலமாகவே சேமிக்கிறது. சைட்டின் நாட்காட்டி நாளுக்கு 10 மணித்தியாலம், மாற்றும் அளவு 8 என்று விட்டுவைத்தால், நீங்கள் 5 நாள் என்று இடும் வேலை 40 மணித்தியாலமாகி நாலு நாளில் முடிந்துவிடும்.

இவை அறியாமையால் வரும் பிழைகள். தெரிந்தே செய்யப்படும் ஒன்று உண்டு, எம்மை அதிகம் வருத்துவது அதுதான். பத்து நாள் வேலைக்குப் பதினாறு நாள் போடுவது. ஆலோசகப் பொறியியலாளர் ஃப்ளோட்டைக் கண்டால் எடுத்துக்கொள்வார் என்ற பயத்தில் ஒப்பந்தகாரர் அதைக் கால அளவுக்குள் ஒளிக்கிறார். தேவையான இடத்தில் ஒரு திகதியைத் திணித்துப் பாதையை இறுக்குகிறார். திகதிக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி நிறைந்த புரோகிராம் இப்படித்தான் உருவாகிறது. மைக்ரோசொஃப்ட் புரொஜெக்டில் தொடக்கத் திகதியைக் கையால் தட்டினாலே போதும், ‘இதற்கு முன் தொடங்காதே’ என்ற கட்டுப்பாடு சத்தமில்லாமல் விழுந்துவிடும். ஒளித்தவருக்கே அது கேடாக முடிகிறது. 2022 ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்த நாட்களை நினைத்துப் பாருங்கள். கொங்கிறீட் லொறி ஓடவில்லை. அந்தத் தாமதம் எந்த வேலையை எத்தனை நாள் தள்ளியது என்று நிறுவ வேண்டிய ஒப்பந்தகாரரிடம் ஊதிய கால அளவுகள் மட்டுமே இருந்தால், பாதிப்பின் ஒரு பகுதியை அவரது சொந்தப் புரோகிராமே விழுங்கிக் காட்டும். ஒதுக்கீடு வேண்டுமென்றால், அதற்கென ஒரு வரி போட்டுப் பெயர் சொல்லி வெளிப்படையாக வையுங்கள்.

மாதாந்தப் புதுப்பித்தலில் ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறோம். சைட் பொறியியலாளரிடம் எத்தனை வீதம் முடிந்தது என்று கேட்க வேண்டாம், இன்னும் எத்தனை நாள் வேண்டும் என்று கேளுங்கள். 90 வீதம் என்பது மாதக்கணக்கில் 90 ஆகவே நிற்கக்கூடியது. மீதிக் கால அளவு நாளைய திகதியோடு மோதுவதால் அப்படி நிற்காது.

ஃப்ளோட் யாருடையது என்ற கேள்விக்கு வருவோம். ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவிடத்து, வேலைகொடுப்போரால் வரும் தாமதம் பாதிக்கப்பட்ட பாதையின் மீதி ஃப்ளோட்டைப் பூச்சியத்துக்குக் கீழே தள்ளும் அளவுக்கே காலநீடிப்பு என்பது பிரித்தானியக் கட்டுமானச் சட்டச் சங்கம் 2002இல் வெளியிட்டு 2017இல் திருத்திய நெறிமுறையின் நிலைப்பாடு. அதாவது முதலில் பயன்படுத்துபவருக்கே அது போகும். எமக்கு இதில் முழு உடன்பாடில்லை; தன் வேலையைக் கெட்டிக்காரத்தனமாகத் திட்டமிட்டு ஒப்பந்தகாரர் சேர்த்த இடைவெளியை வரைபடம் தரப் பிந்திய ஆலோசகர் முதலில் எடுத்துக்கொள்வது நியாயமல்ல. ஆனால் அந்த வாதத்தைக் கையெழுத்துக்கு முன், விசேட நிபந்தனைகளில் ஒரு வாசகமாக வைக்க வேண்டும். ஃபிடிக் 1999இன் 8.3ஆம் பிரிவு வேலைத்திட்டத்தை 28 நாளுக்குள் கேட்கிறது, ஃப்ளோட் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. 2017 பதிப்பு ஒவ்வொரு வேலையின் முந்திய, பிந்திய திகதிகளையும் ஃப்ளோட்டையும் கிரிட்டிக்கல் பாதையையும், உள்ளூர் விடுமுறை நாட்களையும்கூடக் காட்டச் சொல்கிறது.

அதே பதிப்பு அச்சுப் பிரதியோடு இலத்திரனியல் பிரதியையும் கேட்கிறது. அந்த இலத்திரனியல் பிரதி பீடீஎஃப் ஆக இருந்தால் பயனில்லை. தொடர்புகளும் நாட்காட்டிகளும் கட்டுப்பாடுகளும் கணக்கிடும் தெரிவுகளும் மூலக் கோப்பில்தான் இருக்கின்றன. எந்த மென்பொருள், எந்த வடிவக் கோப்பு, எத்தனை நாளுக்கொருமுறை என்பதைக் கேள்விப்பத்திரத்தின் விவரக்குறிப்பிலேயே எழுதிவிடும்படி ஆலோசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கோப்பு கைக்கு வந்ததும் முதலில் திறக்க வேண்டியது பார் சார்ட்டை அல்ல, நாட்காட்டியை.