எங்கள் கையெழுத்து மட்டும் போதுமா?

போன மார்கழியில் நடந்தது இது. ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் சாமை ஆலை. அன்றைக்கு வந்திறங்கிய மூட்டைக்குள் கையை விட்டதுமே சில்லென்றிருந்தது. நாலு மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தேன். நறுக்கென்று உடையவில்லை, நசுங்கியது.

"சார், பனியில நனைஞ்ச சாமை. ரெண்டு நாள் வெயில்ல காயட்டும். இப்பப் போட்டா உமி போகாது" என்றேன்.

கீழேயிருந்து வந்த மேனேஜர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மிஷினப் பத்தி எனக்குத் தெரியும். நீ அள்ளிப் போடு."

மூன்று மூட்டை பாழ். அதற்கு ஐந்து பெண்களின் கூலியில் பிடித்தம். என் கூலியிலும்தான்! உரலும் உலக்கையுமாக என் அம்மா காலத்திலிருந்து சாமை குத்திய கை இது. ஈரம் எது, காய்ச்சல் எது என்று இந்தக் கைக்குத் தெரியாதா?

காகிதத்தில் நான் அந்த ஆலையை நடத்தும் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருத்தி. 2002-இல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி உற்பத்தியாளர் கம்பெனிகளைக் கொண்டுவந்தார்களாம். விளைவிக்கிறவர்தான் அதில் உறுப்பினர். பங்கு கூடவோ குறையவோ, ஆளுக்கு ஒரே ஓட்டு. மேனேஜர் என்று நாங்கள் சொல்லும் தலைமை நிர்வாகியை நியமிப்பதே இயக்குநர் குழுதான். குழு சொல்கிறபடிதான் அவர் நடக்க வேண்டும். இதையெல்லாம் காலேஜில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் வாசித்துச் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. யார் யாருக்கு முதலாளி? நாங்கள் கைகட்டி நிற்கிறோம், அவர் எங்களை "ஏய்" என்கிறார். விலை போட்டது யார், எவ்வளவுக்கு விற்றது, பேங்கில் என்ன இருக்கிறது, எதுவும் எங்களுக்குத் தெரியாது. மினிட்ஸ் புத்தகத்தின் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்வார்கள். பயிற்சி என்று கூட்டிப்போய் சால்வை போட்டு போட்டோ எடுத்தார்கள். ஆலைச் சாவியை ஒருநாள் தந்ததுண்டா?

எதற்கு இந்தக் கம்பெனியில் சேர்ந்தேன்? இந்த மலையில் வேலை இல்லாததால் என்ன ஆனது என்பது ஊருக்கே தெரியும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப்படை சுட்டதில் 20 பேர் செத்தார்கள். எங்கள் ஜவ்வாது மலைப் பிள்ளைகளும் அதில் உண்டு. செம்மரம் வெட்டக் கூலிக்குப் போனவர்கள் என்றார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு காப்பித் தோட்டத்துக்குப் போன அப்பனைப் பார்க்காமல் வளர்ந்தவள் நான். என் பிள்ளையும் மலையை விட்டு இறங்கக் கூடாது என்றுதான் இந்தக் கம்பெனியில் பங்கு போட்டேன். ஆட்டை விற்றுப் போட்ட பணம் சாமி அது!

போன வெள்ளிக்கிழமை மினிட்ஸ் புத்தகம் மறுபடி வந்தது. அதே வெற்றுப் பக்கம். பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். "எழுதுங்க சார், படிச்சுக் காட்டுங்க. அப்புறம் போடுறேன்" என்றேன்.

நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.